டிரவுட் இல்லாத ஊரில் ஈத்தூண்டில்

தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி, பூச்சி போலக் கட்டி, தண்ணீர் மேல் மிதக்கவிட்டு மீன் பிடிப்பது ஈத்தூண்டில். இதில் மண்புழு கிடையாது, மைதா உருண்டை கிடையாது, நெட்டியும் ஈயக்குண்டும் கிடையாது. இந்தப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் டிரவுட் மீனைத்தான் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அதற்கு நீலகிரி ஏற வேண்டும். 1900-களின் முதல் பத்தாண்டில், சென்னை மாகாண அரசின் மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. அங்கிருந்துதான் மலை ஓடைகளில் டிரவுட் பரவியது.

தர்மபுரி, கிருஷ்ணகிரித் தண்ணீரில் அந்த மீன் பிழைக்காது. டிரவுட்டுக்குத் தோதான தண்ணீர் 10 முதல் 16 டிகிரி வரை. 20 தாண்டினால் இரை எடுப்பது குறையும், 25-ஐ நெருங்கினால் செத்து மிதக்கும். சூடேறிய தண்ணீரில் காற்று தங்காது என்பதும் ஒரு காரணம். 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். மார்கழிப் பனியில் நமக்குப் பல் கிட்டித்தாலும், நம் ஓடை டிரவுட்டுக்கு வெந்நீர்தான்.

ஆனால் டிரவுட்டுக்கென்று சின்ன ஓடைகளில் வளர்ந்த வித்தை இருக்கிறதே, அது நம் கெண்டைக்கு அப்படியே பொருந்தும். முழங்கால் ஆழத் தெளிந்த தண்ணீர், நாலு எட்டு அகலம், இரண்டு கரையிலும் செடி கொடி, நிழல் ஆடினாலே ஓடிவிடுகிற மீன். இரண்டு ஊரிலும் கதை ஒன்றுதான். நீள வீசுவதால் இங்கே ஒன்றும் ஆகாது. மீனுக்குத் தெரியாமல் பக்கத்தில் போகத் தெரிந்தவர்தான் பிடிப்பார். கீழே சொல்கிற கம்பும் நைலான் நரம்பும் முள்ளும் எல்லாம் அந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

எந்த மீன் ஈக்கு வரும், எது வராது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம். கெண்டை வகைகள் வரும், அதிலும் விரல் நீளம் முதல் சாண் நீளம் வரை உள்ளவை தயங்காமல் வரும். வெள்ளிச்சி மேல்தண்ணீரிலேயே திரிகிற மீன், அதன் வாயே மேல்நோக்கித் திறக்கும், ஈக்கென்றே படைத்த மாதிரி. ஓட்டத்தில் தலையை எதிர்நீருக்குக் கொடுத்து நிற்கிற, விலாவில் நீலக் கோடுகள் போட்ட ஒல்லியான மீன் ஒன்று உண்டு. பாரிலியஸ் பேரினம், ஊருக்கு ஒரு பேர் சொல்வார்கள். நம் ஓடையில் டிரவுட்டுக்கு நிகர் என்று ஒன்றைச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மிதந்து வருவதைப் பார்த்து எழும்பி எடுக்கும், திரும்பவும் அதே இடத்துக்கு வந்துவிடும். ஜிலேபி அரைமனதாக வரும், மூழ்கின ஈயென்றால் நன்றாகவே வரும். குரவை கரைப்புல்லை ஒட்டி வெட்டுக்கிளி விழுந்தால் பாயும். அயிரை அடிமண்ணை விட்டு எழும்பாது. பாறையில் ஒட்டிப் பாசி மேய்கிற மீன்களுக்கும் ஈ என்பது ஒரு பொருட்டே இல்லை. கெளுத்தி இருட்டின பிறகு வரலாம், அதை நம்பிப் போக வேண்டாம்.

இடம், காலம். நம் ஓடைகள் வருஷத்தில் பாதிநாள் மணல்தான். ஐப்பசி மழையில் ஓட ஆரம்பித்து, தை வரை பிடிக்கிற மாதிரி ஓடும். மழை விட்ட அன்றே ஓடாதீர்கள், செம்மண் கரைசலில் மீனுக்கு ஈ தெரியாது. முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பார்த்தால் கால் நகம் தெரிய வேண்டும், அதுதான் அளவு. பெரும்பாலும் மூன்று நாளில் இருந்து ஐந்து நாளில் தெளியும், மேலே தடுப்பணை இருந்தால் இன்னும் இழுக்கும்.

சின்னாற்றில் பஞ்சப்பள்ளி அணைக்குக் கீழே வயல்வெளியில் ஓடும் பகுதி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வாணியாறு, தென்பெண்ணையில் சேருகிற சின்னச் சின்ன ஓடைகள், இவையெல்லாம் இந்த அளவுக்குத் தோதானவை. பாலக்கோடு, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் கலந்த பேச்சில் 'ஹள்ளா' என்று முடிகிற பேர் எல்லாம் ஓடைதான், கேசர்குளிஹள்ளா மாதிரி. 'ஹள்ளி' என்று முடிந்தால் ஊர். வரைபடத்தில் தேடுகிறவர்களுக்கு இந்த ஒரு எழுத்து வித்தியாசம் உதவும்.

காட்டுக்குள் போகாதீர்கள். ஆசை அங்கேதான் இழுக்கும், ஏனென்றால் நல்ல தண்ணீர் அங்கேதான் இருக்கிறது. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-லும், காவிரி தெற்கு 2022-லும் அறிவிக்கப்பட்டவை. மேலகிரி மலை ஓடைகள் பெரும்பாலும் இவற்றிலோ காப்புக்காட்டிலோதான் வரும், அஞ்செட்டித் தொட்டஹள்ளாவின் காட்டுப்பகுதி உட்பட. அங்கே தூண்டிலோடு நின்றால் அது வன வழக்கு. போதாததற்கு யானை, காவிரியை நெருங்கினால் முதலை. அந்தத் தண்ணீரில்தான் திமில் வைத்த பூமீன், அழிவின் விளிம்பில் இருக்கிற மீன், மிச்சம் இருக்கிறது. அதை அதன் பாட்டுக்கு விடுங்கள். ஏரி, அணை என்றால் மீன்குத்தகை யாருடையது என்று கேட்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவது முறை. வயல் ஓரமென்றால் வயல்காரரிடம். கழிவு நுரை மிதக்கிற தண்ணீரில், அது எவ்வளவு பெரிய ஆறாக இருந்தாலும், கால் வைக்காதீர்கள்.

இனி கம்பு. கடையில் ஈத்தூண்டில் என்று தனியாக ராடு, ரீல், கயிறு எல்லாம் வாங்கலாம். வாங்குவதாக இருந்தால் 3-ஆம் எண் கயிறுக்கான 7 அல்லது ஏழரை அடி ராடு போதும் (எண் கூடக்கூடக் கயிறு கனம்). இணையத்தில் சல்லிசாகக் கிடைப்பது 9 அடி, 5-ஆம் எண். அது கிருஷ்ணகிரி அணைக்கரைக்கு, சீமைக்கருவேலம் கவிழ்ந்த ஓடைக்கு இல்லை. இன்னொரு சங்கதி: ராடின் எண்ணைவிட ஒரு எண் கூடுதலான கயிறு போடுங்கள், 3 என்று எழுதிய ராடில் 4. சின்ன ஓடையில் கயிறு மூன்று நாலு மீட்டருக்கு மேல் வெளியே போகாது. அவ்வளவு குறைந்த கயிற்றின் எடையில் ராடு வளையாது, வளையாவிட்டால் வீச்சு வராது.

என் கட்சி என்னவோ மூங்கில்தான். நம் ஓடையில் ரீல் என்பது நகை மாதிரி, இல்லாவிட்டாலும் மீன் வரும். மூன்றரை மீட்டர் நீளத்தில் கெட்டியான கல்மூங்கில், நுனி 3, 4 மில்லிமீட்டர் கனம். பச்சையாக வெட்டியதை நிழலில் செங்குத்தாகத் தொங்கவிட்டு இரண்டு மாதம் உலர விடுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும், படுக்கப் போட்டால் வளையும். கணுக்களை உப்புக்காகிதத்தால் தேய்த்து, வார்னிஷ் இரண்டு கை. நுனியில் 5 செ.மீ. பின்னல் நூலைச் சுற்றி ஒட்டி, அதன் முனையில் ஒரு முடிச்சு. நரம்பின் கண்ணியைச் சுருக்காக்கி அந்த முடிச்சுக்குப் பின்னால் இழுத்தால் கயிறு ஏறிவிட்டது.

கயிறுதான் வேலையின் பாதி. ஈக்கு எடை கிடையாது, ஈயமும் கட்டவில்லை. ஆகவே முள்ளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கயிற்றின் எடை. ஒரே கனத் தங்கூசியை, அதாவது நைலான் நரம்பைக் கட்டினால் காற்றில் தொய்ந்து காலடியிலேயே விழும். அடியில் கனமாக, நுனிக்குப் போகப்போக மெலிய வேண்டும், மாட்டுச் சாட்டை மாதிரி. 0.25 மி.மீ. தங்கூசியை எடுத்து, முதல் மீட்டருக்கு 4 இழை, அடுத்ததற்கு 3, மூன்றாவதற்கு 2 என்று முறுக்குங்கள். ஒரு முனையைச் சுவரில் ஆணியில் மாட்டி, மறு முனையை வெற்றுக் கையால், கயிறு திரிப்பது போலவே. முறுக்கு அதிகமானால் விட்டதும் சுருண்டு தன்னையே பின்னிக்கொள்ளும், குறைந்தால் இழை பிரியும். பிடியைத் தளர்த்தும்போது லேசாக ஒரு வளையம் விழுந்தால் சரியான முறுக்கு. பிறகு இழுத்துப் பிடித்தபடி ஒரு நிமிஷம் வெந்நீரில் நனைத்து எடுத்தால் முறுக்கு தங்கிவிடும். துண்டுகளைச் சேர்க்க, 10 செ.மீ. மேலேற்றி வைத்து, இரண்டையும் சேர்த்து வளையம் போட்டு அதற்குள் இரண்டு தடவை நுழைத்து இழுக்கிற முடிச்சு.

கடைசியில் 0.15 மி.மீ. ஒற்றை நரம்பு 80 செ.மீ. கடை அட்டையில் இது 5 எக்ஸ் என்று இருக்கும். எக்ஸ் எண் கூடக்கூட நரம்பு மெலியும், 4 எக்ஸ் 0.18, 6 எக்ஸ் 0.13. முள் எண்ணை மூன்றால் வகுத்தால் வருவது ஏறக்குறைய பொருத்தமான எக்ஸ். 14-ஆம் எண் முள்ளுக்கு 5 என்று வைத்துக்கொள்ளலாம் (முள்ளில் எண் கூடக்கூட முள் சிறிது). மொத்தக் கயிறு கம்பைவிட ஒரு முழத்துக்கு மேல் நீளக் கூடாது, நீண்டால் மீனைக் கைக்குக் கொண்டுவர முடியாமல் கம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டியிருக்கும். ராடு வைத்திருப்பவர்கள் கயிற்று முனையில் 0.40-ல் 80 செ.மீ., 0.35-ல் 40, 0.30-ல் 30, 0.25-ல் 25, 0.20-ல் 25, 0.15-ல் 50 என்று கட்டினால் இரண்டரை மீட்டர் வரும். ஒரேயடியாக 0.40-லிருந்து 0.15-க்குத் தாவினால் வீச்சின் வேகம் அந்த முடிச்சிலேயே செத்துவிடும், ஈ குவியலாக விழும்.

முள் கட்ட, கண்ணில் நுழைத்த நரம்பைத் தன் மேலேயே 5 சுற்றுச் சுற்றி, கண்ணை ஒட்டிய வளையத்துக்குள் விட்டு இழுக்கிற சாதா முடிச்சு போதும். இழுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்த நரம்பு உரசிச் சூடாகி, முடிச்சு விழும்போதே பலம் போய்விடும்.

ஈயை எப்படிக் கட்டுவது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர் ஈ கடையில் விற்பதில்லை. வெளிநாட்டுப் பெட்டிகளில் வருவது அந்த ஊர் ஆற்றுப்பூச்சிகளின் சாயல். நம் ஓடை மீன் தின்பது பெரும்பாலும் கரையிலிருந்து விழுவது: கிளையிலிருந்து கட்டெறும்பு, ராகி அறுக்கிற நாளில் வரப்பிலிருந்து வெட்டுக்கிளி, மழை விட்ட மறுநாள் ஈசல். ஈசல் பறந்த ராத்திரிக்கு அடுத்த விடியல்தான் வருஷத்திலேயே நல்ல விடியல். இறகு உதிர்த்ததும் உதிர்க்காததுமாகத் தண்ணீரில் அப்பிக்கொண்டு மிதந்து வரும், சந்தேகப் பேர்வழியான கெண்டைகூட அன்றைக்கு வாயைத் திறக்கும்.

ஈசலுக்கு 14-ஆம் எண் முள், மெல்லிய கம்பி, கண் உள்ளது. நம் கடைகளில் கண் இல்லாத தட்டைத்தலை முள் அதிகம், பார்த்து வாங்குங்கள். கட்டும் முன்பே நோஸ் பிளேயரால் முள்ளின் பிடிமுள்ளை, அதாவது முனையை ஒட்டிப் பின்னோக்கி நீட்டிய சின்ன முள்ளை, நசுக்கிவிடுங்கள். மீனை விடுவது சுலபம், நம் விரலில் ஏறினாலும் சுலபம். மேலும் உடைகிற முள் இப்போதே உடையட்டும், அரைமணி நேரம் கட்டியபின் உடைந்தால் எரிச்சல்தான். முள்ளைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் இல்லாவிட்டால் அதே பிளேயரின் பிடியில் ரப்பர் பேண்டைச் சுற்றி, மேஜை விளிம்பில் கட்டினால் முள்ளைப் பிடித்து நிற்கும். நூல், எம்பிராய்டரி மிஷினுக்குப் போடுகிற மெல்லிய பாலியஸ்டர். தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் வழுக்காது.

கண்ணுக்குப் பின்னால் ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு ஆரம்பித்து வளைவு வரை நூலைச் சுற்றுங்கள். கைவினைக் கடையில் கிடைக்கிற 2 மி.மீ. கனப் பழுப்பு ஃபோம் ஷீட்டில், 3 மி.மீ. அகலம் இரண்டரை செ.மீ. நீளத்துக்கு ஒரு கீற்று. அதன் ஒரு முனையை வளைவில் வைத்துக் கட்ட வேண்டும். முதல் இரண்டு சுற்று தளர்வாக, மூன்றாவதுதான் இறுக்கம். எடுத்ததும் இறுக்கினால் நூல் ஃபோமைக் கத்தி மாதிரி அறுத்துவிடும். பின்னால் நீட்டியிருக்கும் கீற்றை முன்னால் மடக்கி, நடுத்தண்டில் கட்டினால் வயிறு வந்துவிட்டது. இறக்கைக்கு யூரியா சாக்கு. அதன் ஓர் இழையை உருவி நகத்தால் கீறினால் பஞ்சு மாதிரிப் பிரியும். அது பாலிப்ரோப்பிலீன், தண்ணீரைவிட லேசு, நனைந்தாலும் மிதக்கும். பத்துப் பன்னிரண்டு இழையை வயிற்றின் மேல் பட்டையாகப் படுக்கவைத்து, முள்ளின் நீளத்துக்கு வெட்டுங்கள்.

பிறகு இறகு. நாட்டுச்சேவலின் கழுத்து இறகு, கோழி இறகு வேண்டாம். பெட்டையின் இறகு மெத்தென்று தண்ணீர் குடித்துவிடும், சேவலுடையது விறைப்பாக நின்று ஈயைத் தாங்கும். இறகின் மயிர் நீளம் முள்வாயின் அகலத்தைப்போல, அதாவது முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியைப்போல, ஒன்றரை மடங்கு. அடியில் உள்ள தூவியை உரித்துவிட்டு, நடுத்தண்டில் கட்டி மூன்று சுற்று, நான்காவது கூடாது. மிச்சக் கீற்றை மறுபடி முன்னால் மடக்கிக் கண்ணுக்குப் பின்னால் கட்டினால் தலை. மூன்று அரைமுடிச்சு, ஒரு சொட்டு நகப்பாலிஷ், ராத்திரி முழுக்கக் காயட்டும். கடைசியாக, அடிப்பக்க இறகு மயிரைக் கத்தரியால் சமமாக வெட்டிவிடுங்கள். ஈசல் தண்ணீர் மேல் நிமிர்ந்து நிற்காது, அப்பிக் கிடக்கும், ஆகவே நம் ஈயும் அப்பிக் கிடக்க வேண்டும்.

கெடுகிற இடங்கள் இரண்டு. கண்ணை ஒட்டிக் கட்டி, நகப்பாலிஷ் கண்ணை அடைத்து, ஓடையில் நின்றுகொண்டு ஊசி தேடுவது ஒன்று. ஃபோமுக்குப் பதிலாகத் தெர்மோகோல் போடுவது இன்னொன்று, நகப்பாலிஷ் பட்ட இடத்தில் அது கண் முன்னால் கரைந்து போகும். கட்டெறும்புக்குக் கறுப்பு ஃபோம், இறக்கை வேண்டாம், 16-ஆம் எண் முள். வெட்டுக்கிளிக்கு 10-ஆம் எண், பச்சையோ காய்ந்த புல் நிறமோ, இரண்டு ரப்பர் கால். நாள் முழுக்க ஒரே ஒரு ஈதான் என்றால் கட்டெறும்பை எடுங்கள், அது விழாத நாள் கிடையாது. இறகு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: மேலகிரியில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகை இங்கிலாந்தில் ஈ கட்டுகிறவர்கள் ஒரு காலத்தில் பொன் மாதிரித் தேடினார்கள். 1972-ஆம் வருஷ வன உயிரினச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட பறவை. யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இப்போது பக்கத்தில் போவது. மீன் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே பார்ப்பது ஒரு வட்ட ஜன்னல் வழியாகத்தான், ஒளி வளைவதால். அந்த ஜன்னலின் விரிவு எந்த ஆழத்திலும் 97 டிகிரி. 30 செ.மீ. ஆழத்தில் நிற்கிற மீனுக்கு ஜன்னல் குறுக்களவு 68 செ.மீ., அதற்கு வெளியே மேல்தண்ணீர் அடிமண்ணைக் காட்டுகிற கண்ணாடிதான். இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, ஆழமில்லாத இடத்து மீனுக்கு ஈ பக்கத்திலேயே விழ வேண்டும், ஒரு முழம் தள்ளி விழுந்ததை அது பார்க்கவே இல்லை. இரண்டு, தண்ணீர் மட்டத்திலிருந்து 10 டிகிரிக்குக் கீழே உள்ளது எதுவும் ஜன்னல் விளிம்பில் நசுங்கி, தெரிந்தும் தெரியாததாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் மட்டத்தில் நிற்கும் ஐந்தரை அடி ஆள் அந்த 10 டிகிரிக்குள் அடங்க ஒன்பதரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நம் கம்பும் கயிறும் சேர்ந்து எட்டுவது 6 மீட்டர். 6 மீட்டரில் மறைய வேண்டுமானால் உயரம் ஒரு மீட்டருக்குள், அதாவது முட்டி போட்டு உட்கார்ந்தால்தான் சரி. மேட்டுக்கரையில் நின்றால் மேட்டின் உயரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும், ஆகவே எப்போதும் பள்ளமான கரையைத் தேடுங்கள். பாலத்தின் மேல் நின்று 'அதோ மீன்' என்று காட்டுகிறவருக்கு மீன் தெரிகிறது, மீனுக்கும் அவர் தெரிகிறார்.

மீன் ஓட்டத்துக்கு எதிராகத் தலை வைத்து நிற்கும். வாலுக்கு நேர் பின்னால் அதற்குப் பார்வை கிடையாது. அதனால் கீழேயிருந்து மேல்நோக்கிப் போங்கள். கீழே கலங்கின தண்ணீரும் நமக்குப் பின்னால்தான் போகும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை வேண்டாம், காக்கியோ பழைய பச்சைக் கைலியோ போதும். சரளைக்கல்லில் கால் அழுந்துகிற நறநறப்பு தண்ணீரில் வெகுதூரம் போகும், மீன் அதைக் காதாலும் கேட்கும், விலாவில் ஓடுகிற உணர்வுக்கோட்டாலும் உணரும். குதிகாலை ஊன்றாமல், ஓரக்காலால் கல்லைத் தடவித் தடவி வையுங்கள். நிழல் முன்னால் விழுந்தால் எதிர்க்கரைக்கு மாறுங்கள். ஒரு மடுவை நெருங்கியதும் வீசாதீர்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். எங்கே வட்டம் விழுகிறது, எந்தக் கல்லுக்குப் பின்னால் சுழி, நுரை எந்தக் கோட்டில் வருகிறது என்று. நுரை போகிற வழிதான் பூச்சி போகிற வழி.

வீசுவதற்குத் தோள் வேண்டாம், முழங்கையும் மணிக்கட்டும் போதும். கடிகார முகத்தைப் பக்கவாட்டில் நினைத்துக்கொள்ளுங்கள், முன்னால் 10 மணி, பின்னால் 12 தாண்டி ஒன்று வரை. பின்னால் கொண்டுபோனதும் ஒரு கணம் நிறுத்த வேண்டும், கயிறு பின்னால் நீண்டு முடிக்கிற வரை. அவசரப்பட்டு முன்னால் அடித்தால் சாட்டை மாதிரிச் சொடுக்கும், அந்தச் சொடுக்கில் ஈ அறுந்து போயிருக்கும். முன்வீச்சைத் தண்ணீரைப் பார்த்து அடிக்காமல், தண்ணீருக்கு அரை மீட்டர் மேலே இருக்கிற ஏதோ ஒன்றைக் குறிவைத்து நிறுத்துங்கள், ஈ அங்கிருந்து இறங்கிக்கொள்ளும்.

பின்னால் முள்ளுமரம் என்றால் வில் வீச்சு. ஈயின் வளைவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே, முனை வெளியே பார்க்கும்படி கீழிருந்து பிடித்து, கயிற்றை இழுத்துக் கம்பை வளைத்து விட்டுவிடுவது. மூன்று மீட்டர் பறக்கும், புதருக்கு அடியில்கூட நுழையும். முனை உள்ளே பார்க்கப் பிடித்தால் ஈ விரலில் இருக்கும், கம்பு மட்டும் நிமிரும்.

விழுந்த ஈ ஓட்டத்தோடு தானாகப் போக வேண்டும். இங்கேதான் பத்தில் ஒன்பது பேருக்குக் கெடுகிறது. ஓடையின் நடுவில் தண்ணீர் வேகம், ஓரத்தில் மெதுவு. ஈ ஓரத்திலும் கயிறு நடுவிலும் கிடந்தால் நடுத்தண்ணீர் கயிற்றை இழுக்கும், கயிறு ஈயை இழுக்கும், ஈ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கோடு போடும். எந்த எறும்பும் அப்படிப் போகாது என்று மீனுக்குத் தெரியும். மருந்து, கம்பைத் தூக்கிப் பிடித்து, கடைசி ஒரு முழ நரம்பு தவிர மிச்சத்தைத் தண்ணீரிலேயே படாமல் வைப்பது. நீளக் கம்பும் குட்டைக் கயிறும் இதற்காகத்தான், பக்கத்தில் போவதும் இதற்காகத்தான். ராடு வைத்திருந்தால் கயிறு விழுந்ததும் அதன் நடுவை எதிர்நீர்ப் பக்கம் ஒரு சொடுக்கில் தூக்கிப்போட வேண்டும். கடைசி நரம்பு வெயிலில் மின்னினால் களிமண்ணும் பாத்திரம் விளக்குகிற சோப்பும் பிசைந்து தடவுங்கள், மின்னுவது போய் நரம்பு மூழ்கும். ஈக்கு மட்டும் துளி வேஸ்லின், கடுகளவு. அதிகமானால் இறகெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

ஒரே இடத்தில் மூன்று முறை நல்லபடியாகப் போயும் எடுக்கவில்லையா, நகருங்கள். நாலாவது வீச்சு அந்த மடுவுக்கு எச்சரிக்கை மணி.

கெண்டை வாயில் ஈ இருப்பது ஒரு கணம்தான், ஃபோம் என்று தெரிந்ததும் துப்பிவிடும். வட்டம் விழுந்ததும் மணிக்கட்டை மட்டும் தூக்குங்கள். கையை வீசி இழுத்தால் விரல்நீள மீன் தலைக்கு மேல் பறந்து புளியமரத்தில் மாட்டும், பெரிதாக இருந்தால் 0.15 அறும். அறுந்தால் நுனியைப் பாருங்கள். சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது, நனைக்காமல் இழுத்திருப்பீர்கள். நேராக வெட்டினாற்போல் இருந்தால் கல்லில் உரசிய நரம்பு. நடுவில் அறுந்திருந்தால், வீச்சில் தானாக விழுந்த முடிச்சு ஒன்று அங்கே இருந்திருக்கும், அப்படி ஒரு முடிச்சு நரம்பின் பலத்தைப் பாதியாக்கும். அரைமணிக்கு ஒரு தடவை கடைசி நரம்பை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள், சொரசொரப்போ முடிச்சோ தட்டினால் வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள்.

மீனைத் தொடும் முன் கையை நனைக்க வேண்டும், காய்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். பிடிமுள் நசுக்கிய முள் என்றால் தண்ணீரிலேயே முள்ளைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். கெண்டையையும் நீலக்கோட்டுக்காரனையும் விட்டுவிடுவது என் வழக்கம், சின்ன ஓடையில் ஒரு மடுவுக்குப் பத்து மீன் இருந்தால் பெரிது. ஜிலேபி என்றால் குழம்புக்குத்தான். 1952-ல் இந்தியாவுக்குள் வந்த விருந்தாளி, இன்றைக்கு ஏரி முழுக்க அதுதான். கெளுத்தி மாட்டினால் விலாமுள்ளும் முதுகுமுள்ளும் நிமிர்ந்திருக்கும், குத்தினால் கடுக்கும். தாங்குகிற சூட்டு வெந்நீரில் அரைமணி நேரம் கையை வைத்தால் கடுப்பு இறங்கும்.

பாசிப்பாறையில் ரப்பர் செருப்பு வழுக்கும். பழைய கேன்வாஸ் ஷூவின் அடியில் தேங்காய்நார்க் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினால் பிடிமானம் நன்றாக இருக்கும். அணைக்குக் கீழே நிற்கும்போது தண்ணீரின் மட்டத்துக்கு ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கல் நனைந்தாலோ, தெளிந்த தண்ணீரில் இலையும் குச்சியுமாகத் திடீரென்று வந்தாலோ, ஈ எங்கே கிடந்தாலும் சரி, கரையேறிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஈக்களைப் பெட்டியில் மூடி வைக்காதீர்கள், ஈரத்தில் முள் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். தெர்மோகோல் துண்டில் குத்தி, எறும்பு ஏறாத இடத்தில் காற்றாட வையுங்கள். நசுங்கின இறகைக் கொதிக்கிற டீப்பாத்திர ஆவியில் பத்து எண்ணுகிற நேரம் காட்டினால் மறுபடி விறைத்துக்கொள்ளும். வெட்டிப்போட்ட நரம்புத் துண்டுகள் தீப்பெட்டியில் இருக்கும், குப்பையில் போடும் முன் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கிவிடுங்கள். முழு நரம்பு கோழிக்காலில் சுற்றினால் வீட்டில் யார் பதில் சொல்வது.